எழுதிக் கொடுத்துவிட்டு எழுந்தவர்கள்

ஒவ்வொரு போரும் முடிந்த பிறகு, அதை நடத்தியவர்கள் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். "அன்றைக்கு இருந்த தகவலை வைத்து எல்லாரும் அப்படித்தான் நம்பினோம்." இராக் போருக்கும் இதையே சொன்னார்கள். பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாகச் சொல்லி 2003 மார்ச்சில் படையோடு உள்ளே போனார்கள். தேடித் தேடிப் பார்த்தும் அப்படி ஒரு கிடங்கும் கிடைக்கவில்லை. கேட்டால், யாருக்குத்தான் தெரிந்தது என்று கையை விரித்துவிட்டார்கள்.

எல்லாருமா நம்பினார்கள்? இல்லவே இல்லை. நம்பாதவர்கள் அந்த அரசாங்கங்களுக்கு உள்ளேயே இருந்தார்கள். அதே கட்டடத்தில், அதே கோப்புகளைப் பார்த்துக்கொண்டு, அதே கூட்டங்களில் உட்கார்ந்துகொண்டு இருந்தார்கள். அவர்களில் சிலர் மனசுக்குள் புழுங்கிக்கொண்டு இருக்காமல், எழுதிக் கொடுத்துவிட்டு வேலையை விட்டுப் போனார்கள். அந்தக் கடிதங்கள் எல்லாம் பாக்தாதில் முதல் குண்டு விழுவதற்கு முன்பே தேதி போடப்பட்டவை. அதனால்தான் எனக்கு அவை முக்கியமாகப் படுகின்றன.

முதலில் எலிசபெத் வில்ம்ஸ்ஹர்ஸ்ட். பிரிட்டிஷ் வெளியுறவுத் துறையில் துணைச் சட்ட ஆலோசகர். 1974இல் வேலைக்குச் சேர்ந்தவர். சர்வதேசச் சட்டத்தில் கரை கண்டவர். சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் அமைப்பதற்கான பேச்சுவார்த்தைகளில் பிரிட்டன் சார்பில் முன்னின்று வேலை செய்தவர். தொலைக்காட்சியில் முகம் காட்டுகிற ஆள் இல்லை. ஒரு துறையின் உள் அறையில் உட்கார்ந்து "இது சட்டப்படி சரி, இது சரியில்லை" என்று குறிப்பு எழுதுகிற அதிகாரி. நம்ம ஊர் தலைமைச் செயலகத்தில் சட்டத் துறைக் கோப்பு பார்க்கிற ஒரு மூத்த அதிகாரியை நினைத்துக்கொள்ளுங்கள்.

அவருடைய கடிதத்தின் தேதி 2003 மார்ச் 18. தன் மேலதிகாரியான மைக்கேல் வுட்டுக்கு எழுதியது. மிகச் சின்னக் கடிதம். ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலின் இன்னொரு தீர்மானம் இல்லாமல் இராக் மீது படைபலத்தைப் பயன்படுத்துவது சட்டப்படி சரி என்பதை என்னால் ஏற்க முடியவில்லை, என் காரணங்கள் உங்களுக்கே தெரியும் என்பதால் அவற்றை இங்கே விளக்கவில்லை என்று ஆரம்பிக்கிறார். அப்படிப்பட்ட நடவடிக்கை சரிதான் என்று துறைக்குள்ளோ, மக்களிடமோ, நாடாளுமன்றத்திலோ சொல்கிற ஆலோசனைக்கு மனசாட்சியோடு உடன்பட முடியாது என்கிறார். இவ்வளவு பெரிய அளவில் சட்டவிரோதமாகப் படையெடுப்பது ஆக்கிரமிப்புக் குற்றம் என்ற வகையில் சேரும் என்றும் எழுதுகிறார். ஒரு அரசாங்கத்தின் சொந்தச் சட்ட அதிகாரி, அந்த அரசாங்கம் செய்யப்போகிற காரியத்துக்குக் குற்றம் என்று பெயர் வைக்கிறார்.

அதற்குப் பிறகு வருவது முழுக்க அலுவலக நடைமுறை. முன்கூட்டியே ஓய்வு பெற முடியுமா என்று பேசிக்கொண்டிருக்கிறேன், அது முடியாது என்றால் இந்தக் கடிதத்தையே ராஜினாமா அறிவிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார். என்னை உலுக்கியது இந்த இடம்தான். கோபத்தில் மேசையைத் தட்டிவிட்டு எழுந்த ஆள் எழுதுகிற வரி இல்லை இது. விருப்ப ஓய்வு கிடைக்குமா என்று பார்க்கிற, வீடும் எதிர்காலமும் உள்ள ஒரு சாதாரண ஊழியரின் வரி. கிடைத்தாலும் சரி, கிடைக்காவிட்டாலும் சரி, போவது மட்டும் உறுதி.

அந்தச் சில நாட்களில் என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பிரிட்டனின் தலைமைச் சட்ட அதிகாரி கோல்ட்ஸ்மித் பிரபு மார்ச் 7 அன்று பிரதமர் டோனி பிளேருக்கு ஒரு நீண்ட ஆலோசனைக் குறிப்பு கொடுத்தார். பாதுகாப்பு கவுன்சிலின் ஏற்கெனவே உள்ள 1441ஆம் தீர்மானத்தை வைத்து வாதாட இடம் இருக்கிறது, ஆனால் இன்னொரு தீர்மானம் வாங்குவதுதான் பாதுகாப்பான வழி, வழக்கு என்று வந்தால் ஜெயிப்போம் என்று உறுதி சொல்ல முடியாது என்கிற மாதிரி இரண்டு பக்கமும் எடைபோட்ட குறிப்பு அது. ஆனால் களத்தில் இறங்க வேண்டிய படைக்கு அது போதவில்லை. முப்படைத் தலைவர் அட்மிரல் பாய்ஸ் சட்டப்படி சரியா இல்லையா என்று தெளிவான பதில் கேட்டார். மார்ச் 17 அன்று நாடாளுமன்றத்துக்கு ஒரு சின்னப் பதில் வந்தது. சட்டப்படி சரி என்றது. பத்து நாளுக்கு முன் இருந்த சந்தேகம் ஒன்றுகூட அதில் இல்லை. அமைச்சரவைக்கும் இந்தச் சின்னப் பதில்தான் போனதே தவிர, மார்ச் 7 குறிப்பு போகவில்லை. அடுத்த நாள் மக்களவையில் வாக்கெடுப்பு. 412 பேர் ஆதரவு, 149 பேர் எதிர்ப்பு. அதே நாளில்தான் வில்ம்ஸ்ஹர்ஸ்ட் கடிதம் எழுதுகிறார்.

கதை அத்தோடு முடியவில்லை. 2005இல் பிரிட்டனில் தகவல் உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. நம்ம ஆர்.டி.ஐ. வந்ததும் அதே வருஷம்தான். அந்தச் சட்டத்தின்கீழ் கேட்டபோது அரசு இந்தக் கடிதத்தைக் கொடுத்தது. ஆனால் முதல் பத்தியில் ஒரு பகுதியை மறைத்துவிட்டுக் கொடுத்தது. மறைத்த பகுதியை சேனல் 4 தொலைக்காட்சி வெளியே கொண்டுவந்தது. அதில் என்ன இருந்தது தெரியுமா? இது நம் துறை தொடர்ந்து சொல்லிவந்த கருத்துதான், மார்ச் 7 குறிப்புக்கு முன்வரை தலைமைச் சட்ட அதிகாரியின் கருத்தும் இதுதான் என்றே நாங்கள் புரிந்துகொண்டிருந்தோம், மார்ச் 7இல் அவர் சொன்னதும் இப்போது மறுபடி மாறி அரசின் நிலைப்பாடாக ஆகிவிட்டது என்று எழுதியிருந்தார். கருத்து எப்போது, எத்தனை முறை திசை மாறியது என்கிற நாட்குறிப்பே அந்த இரண்டு வரிக்குள் அடங்கிவிட்டது. போகிற ஆள் போய்விட்டார், ஆனால் காகிதம் கோப்பில் இருந்தது. அடுத்த மாதமே மார்ச் 7 குறிப்பை முழுசாக வெளியிட வேண்டிய நிலைக்கு அரசு வந்தது.

அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். முதல் ஆள் ஜான் பிரேடி கீஸ்லிங். ஏதென்ஸில் அமெரிக்கத் தூதரகத்தில் அரசியல் பிரிவுப் பொறுப்பாளர். இருபது வருஷத்துக்கு நெருக்கமாக வெளியுறவுப் பணி. 2003இன் முதல் பாதியில் ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைமை கிரீஸ் கையில் இருந்தது. அந்த நாட்டிடம் அமெரிக்காவின் பக்க நியாயத்தை எடுத்துச் சொல்வதுதான் அவருடைய அன்றாட வேலை. சொல்கிற நியாயத்தைத் தானே நம்பாதபோது அந்த வேலையை எப்படிச் செய்வது? பிப்ரவரி கடைசியில் வெளியுறவு அமைச்சர் காலின் பவலுக்கு ராஜினாமாக் கடிதம் அனுப்பினார். இந்த நிர்வாகத்தின் பிரதிநிதியாக இருப்பதையும் என் மனசாட்சியையும் பொருத்திப் பார்க்க முயன்றேன், முடியவில்லை என்பதுதான் சாரம். பத்திரிகைகளில் அந்தக் கடிதம் வந்து உலகம் சுற்றியது.

மார்ச் 10இல் ஜான் பிரவுன் என்ற இன்னொரு தூதரக அதிகாரி விலகினார். மார்ச் 19இல் ஆன் ரைட். இவர் மங்கோலியாவின் உலான்பாட்டரில் தூதருக்கு அடுத்த நிலையில் இருந்தவர். அமெரிக்க ராணுவத்திலும் ரிசர்வ் படையிலும் சேர்த்து 29 வருஷம் இருந்து கர்னலாக ஓய்வுபெற்றவர். தாலிபான் ஆட்சி விழுந்ததும் காபூலில் தூதரகத்தைத் திறக்கப் போன முதல் குழுவிலும் இருந்தார். போரைக் கண்டாலே பயப்படுகிற ஆள் என்று யாரும் அவரைச் சொல்லிவிட முடியாது. ராணுவத்தை உள்ளிருந்து அறிந்தவர் என்பதால்தான் அவர் எதிர்ப்புக்கு அத்தனை கனம்.

ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ வில்கி. முன்னாள் ராணுவ அதிகாரி. பிரதமருக்கு உளவுத் தகவல்களை ஆய்ந்து கொடுக்கிற அலுவலகத்தில் ஆய்வாளர். படையெடுப்புக்கு ஒன்பது நாள் முன்பு வேலையை விட்டு, கைக்கு வந்த தகவல்கள் இந்தப் போரை நியாயப்படுத்தவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். அடுத்த வருஷமே பிரதமர் ஜான் ஹோவர்டின் சொந்தத் தொகுதியில் அவரை எதிர்த்து நின்று தோற்றார். 2010இல் சுயேச்சையாக நின்று நாடாளுமன்றத்துக்குப் போனார்.

நம் வீடுகளில் அரசாங்க உத்தியோகத்துக்கு என்ன மரியாதை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கோழி மேய்த்தாலும் கவர்மெண்டில் மேய்க்கணும் என்று சொல்லிச் சொல்லி வளர்த்த ஊர் இது. என் உறவில் பாதிப் பேர் அரசு ஊழியர்கள். ஒருவர் வேலையை விடுகிறேன் என்று சொன்னால் அன்று ராத்திரி வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது. சம்பளம், பென்ஷன், குவார்ட்டர்ஸ், பிள்ளை படிப்பு, பெண் கல்யாணம் எல்லாம் அந்த ஒரு உத்தரவின் மேல்தான் நிற்கிறது. அதனால் வேலையை விடாதவர்களைக் கோழை என்று சொல்ல எனக்கு மனசு வராது. விட்டவர்கள் என்ன விலை கொடுத்தார்கள் என்பது நமக்கு நன்றாகவே புரியும்.

சரி, இவர்கள் விட்டதால் போர் நின்றதா? நிற்கவில்லை. மார்ச் 20 அன்று படை உள்ளே போனது. ராபின் குக் மாதிரி ஒரு முன்னாள் வெளியுறவு அமைச்சரே பதவியை விட்டு, மக்களவையில் பேசி, உறுப்பினர்கள் எழுந்து நின்று கைதட்டியும் நிற்கவில்லை. அப்புறம் எதற்கு ராஜினாமா, உள்ளே இருந்து முடிந்த அளவு திருத்தியிருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. இது நியாயமான கேள்வி. தட்டிக்கழிக்கக் கூடாது.

இதற்கு நம்ம ஊர்ச் சரித்திரத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. 1939 செப்டம்பரில் வைஸ்ராய் லின்லித்கோ, இந்தியத் தலைவர்கள் ஒருவரையும் கேட்காமல் இந்தியாவும் போரில் இருக்கிறது என்று அறிவித்தார். அதை எதிர்த்து மாகாணங்களில் இருந்த காங்கிரஸ் அமைச்சரவைகள் பதவி விலகின. சென்னை மாகாணத்தில் ராஜாஜியின் அமைச்சரவையும் அக்டோபர் கடைசியில் விலகியது. கொள்கைக்காகச் செய்தது, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் காலியான நாற்காலி சும்மா இருக்கவில்லை. ஆளுநர் ஆட்சி வந்தது. 1946 வரை இங்கே தேர்ந்தெடுத்த அமைச்சரவையே இல்லை. முஸ்லிம் லீக் அந்த விலகலை விடுதலை நாளாகக் கொண்டாடி, தன் பலத்தைப் பெருக்கிக்கொண்டது. இடத்தைக் காலி செய்தால் வேறு யாரோ உட்காருவார்கள் என்பது உண்மைதான்.

ஆனால் மந்திரி விலகுவதும் அதிகாரி விலகுவதும் ஒன்றில்லை. மந்திரி விலகும்போது முடிவெடுக்கிற அதிகாரத்தையே விட்டுக்கொடுக்கிறார். வில்ம்ஸ்ஹர்ஸ்ட் கையில் அந்த அதிகாரம் கிடையாது. ஆலோசனை சொல்வதுதான் அவர் வேலை. அதைச் சொல்லியாகிவிட்டது, மேலே இருப்பவர்கள் வேண்டாம் என்றும் தள்ளிவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்த நாற்காலியில் அவர் இருந்தால் அவரிடம் மிச்சம் இருப்பது கையெழுத்து ஒன்றுதான். உள்ளே இருந்து திருத்தலாம் என்பதெல்லாம் ஆலோசனைக்குக் காது இருக்கிற வரைக்கும்தான். காது மூடிய பிறகும் உட்கார்ந்திருந்தால், திருத்துகிற வேலை முடிந்து ஒத்துப்போகிற வேலை ஆரம்பித்துவிடும்.

அவருடைய மேலதிகாரி மைக்கேல் வுட்டையும் இங்கே சொல்லாமல் விடக் கூடாது. அவருக்கும் இதே கருத்துதான். பாதுகாப்பு கவுன்சில் அனுமதி இல்லாமல் படையெடுத்தால் ஆக்கிரமிப்புக் குற்றமாகும் என்று 2003 ஜனவரியிலேயே வெளியுறவு அமைச்சர் ஜாக் ஸ்ட்ராவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். உங்கள் ஆலோசனையைப் பார்த்தேன், ஏற்கவில்லை என்ற பொருளில் பதில் வந்தது. வுட் பதவியில் தொடர்ந்தார். நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவரும் எழுத்தில் வைத்தார். அந்தக் காகிதம் இல்லையென்றால் அமைச்சருக்கு முன்கூட்டியே தெரியும் என்பதை யாராலும் நிரூபித்திருக்க முடியாது.

எழுதிவிட்டு இருந்தவரும் சரி, எழுதிவிட்டுப் போனவரும் சரி, இரண்டு பேருமே கடமையைச் செய்தவர்கள்தான். எனக்கு வருத்தம் மூன்றாவது வகையினர்மேல். தெரிந்திருந்தும் எழுதாமல், காரிடாரில் மட்டும் முணுமுணுத்துவிட்டு, போர் தோற்ற பிறகு எனக்கு அப்போதே சந்தேகம் இருந்தது என்று பேட்டி கொடுப்பவர்கள். 2003 பிப்ரவரி 5 அன்று ஐ.நா.வில் ஆயுதங்கள் இருப்பதாக வாதாடிய காலின் பவல், இரண்டு வருஷம் கழித்து அந்தப் பேச்சு தன் வரலாற்றில் ஒரு கறை என்று ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டது நல்லதுதான். ஆனால் அவர் மேசைக்குப் போன மூன்று ராஜினாமாக் கடிதங்களும் அந்தக் கறையைப் போருக்கு முன்னாலேயே காட்டிக்கொடுத்தவை.

காகிதம் எப்படிப் பேசியது என்பதை 2010இல் பார்த்தோம். பிரிட்டனில் சர் ஜான் சில்காட் தலைமையில் விசாரணைக் குழு. ஜனவரி 26 அன்று வுட், வில்ம்ஸ்ஹர்ஸ்ட் இருவரும் சாட்சி சொன்னார்கள். வெளியுறவுத் துறையின் சட்ட ஆலோசகர்கள் எல்லாருக்கும் ஒரே கருத்துதான் இருந்தது என்று வில்ம்ஸ்ஹர்ஸ்ட் சொன்னார். அமைச்சர் ஸ்ட்ராவும் வழக்கறிஞர்தானே, அதனால் ஏதும் வித்தியாசம் இருந்ததா என்று கேட்டார்கள். அவர் சர்வதேசச் சட்ட வழக்கறிஞர் இல்லையே என்று அமைதியாகப் பதில் சொன்னார். வில்ம்ஸ்ஹர்ஸ்ட் எழுந்து போகும்போது பார்வையாளர்கள் கைதட்டினார்கள். ஏழு வருஷத்துக்கு முன் எழுதிய சின்னக் கடிதத்தில் இருந்து ஒரு வார்த்தைகூடப் பின்வாங்க வேண்டிய தேவை அவருக்கு வரவில்லை. அன்றைய அமைச்சர்களில் எத்தனை பேரால் அப்படி உட்கார முடிந்தது?

2016 ஜூலையில் சில்காட் அறிக்கை வந்தது. 12 தொகுதிகள், 26 லட்சம் வார்த்தைகள். போர் சட்டபூர்வமானதா என்று அந்தக் குழு தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் சட்ட அடிப்படை இருப்பதாக முடிவுக்கு வந்த விதம் திருப்திக்கு வெகுதூரம் என்றது. அமைதி வழிகள் தீர்ந்துபோவதற்கு முன்பே படையெடுத்தார்கள் என்றது. 2009 ஜூலைக்குள் குறைந்தது 1,50,000 இராக்கியர்கள், அநேகமாக அதைவிட எவ்வளவோ பேர், செத்திருக்கிறார்கள், பெரும்பாலோர் பொதுமக்கள் என்றும் சொன்னது. பிரிட்டன் படையில் 179 பேர். இத்தனை சாவுக்குப் பிறகு இத்தனை தொகுதி எழுதிச் சொன்னதன் கரு, ஒரு அதிகாரியின் சின்னக் கடிதத்தில் போருக்கு இரண்டு நாள் முன்பே இருந்தது.

இந்த வரிசை இராக்கோடு நிற்கவில்லை. 2009இல் ஆப்கானிஸ்தானின் சாபுல் மாகாணத்தில் இருந்த மாத்யூ ஹோ என்ற அமெரிக்க அதிகாரி, இந்தப் போர் எதற்காக என்றே தெரியவில்லை என்று எழுதிக்கொடுத்து விலகினார். வேறு பதவி தருவதாகச் சொல்லி நிறுத்திவைக்கப் பார்த்தார்கள். அவர் நிற்கவில்லை. பன்னிரண்டு வருஷம் கழித்து அமெரிக்கா காபூலை விட்டு வந்தபோது அவர் எழுதியதை ஜனங்கள் திரும்ப எடுத்துப் படித்தார்கள். 2022 மேயில், ஜெனீவாவில் ஐ.நா. அலுவலகத்தில் இருந்த ரஷ்யத் தூதரக அதிகாரி போரிஸ் போண்டரேவ், உக்ரைன் மீதான போரை எதிர்த்து வெளியேறினார். அவருக்கு வேலை மட்டுமா போனது? திரும்பிப் போக ஊரே இல்லாமல் போயிற்று. 2023 அக்டோபரில் அமெரிக்க வெளியுறவுத் துறையில் ஆயுத விற்பனை பார்க்கும் பிரிவில் இருந்த ஜாஷ் பால், காசாப் போருக்காக இஸ்ரேலுக்கு ஆயுதம் அனுப்புவதை எதிர்த்து விலகினார். நாடு வேறு, போர் வேறு. ஆனால் எல்லாரும் முதலில் செய்த காரியம் ஒன்றுதான். காரணத்தை எழுத்தில் வைத்தார்கள்.

அரசு ஊழியர் அரசின் கொள்கையை விமர்சிக்கலாமா, தேர்ந்தெடுத்த அரசு சொன்னதைச் செய்வதுதானே அவர் வேலை என்று ஒரு வாதம் வரும். அதில் பாதி சரி. தேர்தலில் நிற்காத அதிகாரி, தனக்குப் பிடிக்காத கொள்கையை எல்லாம் முடக்க ஆரம்பித்தால் ஜனநாயகம் நடக்காது. இவர்கள் யாரும் அப்படி எதையும் முடக்கவில்லை. கோப்பை ஒளித்துவைக்கவில்லை, நாசவேலை செய்யவில்லை. நீங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், முடிவு உங்களுடையது, ஆனால் என் பெயரைப் போட்டு இதைச் செய்யாதீர்கள் என்று சொல்லிவிட்டு ஒதுங்கினார்கள். அரசாங்கத்துக்கும் மனசாட்சிக்கும் ஒரே நேரத்தில் விசுவாசமாக இருக்க இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை.

நான் கேட்பது பெரிய வீரம் இல்லை. மேலதிகாரி வாயால் சொன்ன உத்தரவை அப்புறம் எழுத்தில் உறுதிசெய்து வாங்க வேண்டும் என்று மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகளிலேயே இருக்கிறது. வியட்நாம் போர்க் காலத்தில், 1971இல், அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகள் மாற்றுக் கருத்தை நேரடியாக மேலிடத்துக்கு எழுதி அனுப்ப ஒரு முறையான வழியை உண்டாக்கியது. அது போரை நிறுத்திவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. 2003இல் நிறுத்தவும் இல்லை. ஆனால் எழுதினால் வேலை போகாது என்ற காப்பு எழுதுகிறவருக்குத் தேவை. நம் நாட்டிலும் அப்படி ஒரு வழி வேண்டும், அந்தக் கோப்புகள் சில வருஷம் கழித்துத் திறக்கவும் வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும். வெளியுறவு, பாதுகாப்பு, காவல் என்று உயிர் சம்பந்தப்பட்ட எல்லாத் துறைகளுக்கும் கேட்க வேண்டும்.

அரசுப் பணியில் இருக்கிற நண்பர்களுக்கும், இப்போது தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிற தம்பி தங்கைகளுக்கும் ஒன்று சொல்கிறேன். உங்களில் பெரும்பாலோருக்குப் போர் சம்பந்தமான கோப்பு கைக்கு வரப்போவதில்லை. ஆனால் ஒரு குடியிருப்பை இடிக்கிற உத்தரவோ, ஒரு துப்பாக்கிச் சூட்டின் அறிக்கையோ வரலாம். அது தப்பு என்று தெரிந்தால், தெரிந்த அன்றைக்கே, தேதி போட்டு, தெளிவாக, சுருக்கமாக எழுதுங்கள். வேலையை விடுவதா இருப்பதா என்பது உங்கள் வீட்டு நிலைமையைப் பொறுத்து நீங்கள் எடுக்க வேண்டிய முடிவு. அதில் வெளியாள் யாரும் தலையிட முடியாது. ஆனால் எழுதுவதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். நாளைக்கு ஒரு விசாரணை நடந்தால், ஒரு தாய் வந்து என் பிள்ளை ஏன் செத்தான் என்று கேட்டால், பதில் சொல்ல அந்தக் காகிதம் கோப்பில் இருக்க வேண்டும்.